பேக்யார்ட் அல்ட்ரா ஓடுகிறவருக்குத் துணையாகப் போகிறீர்களா?

நான் ஓடுகிறவள் இல்லை. இருபத்தாறு வருஷமாக ஸ்டாஃப் நர்ஸ். ஓடுகிறவன் என் தம்பி. திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறான், வயது நாற்பத்து மூன்று. மணிக்கு ஒரு சுற்று என்று கடைசி ஒருவர் மிஞ்சும் வரை ஓடும் பந்தயம்தான் பேக்யார்ட் அல்ட்ரா. அவன் இதுவரை ஓடிய மூன்றுக்கும் கூடாரத்தில் இருந்து சோறு கொடுத்து, காலுக்குக் கட்டுப்போட்டு, விசில் ஊதியதும் எழுப்பி அனுப்பியது நான். முதல் தடவை 17 சுற்று ஓடினான். அடுத்த தடவை 24. போன டிசம்பரில் 29, கிலோமீட்டரில் சொன்னால் கிட்டத்தட்ட 194.

இப்படித் துணைக்குப் போகிறவரை க்ரூ என்கிறார்கள். பெரும்பாலும் வீட்டு ஆட்கள்தான் அகப்படுவோம். கடைசி வாரத்தில் வந்து, "சும்மா வந்து உட்கார்ந்தா போதும்" என்று கூட்டிப்போவார்கள். சும்மா உட்கார அங்கே நேரமே கிடையாது. முதல் தடவை என் தம்பி 17 சுற்றோடு நின்றதற்குக் காரணம் அவன் கால் இல்லை, நான் சொன்ன ஒரு வார்த்தை. அதை அப்புறம் சொல்கிறேன். எனக்கு நடந்தது இன்னொரு வீட்டில் நடக்கக்கூடாது என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

பந்தயம் எப்படி நடக்கிறது

ஒரு சுற்று 6.706 கிலோமீட்டர். அதை ஒரு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். அடுத்த மணி அடிக்கும்போது மறுபடி கோட்டில் நிற்க வேண்டும். 45 நிமிஷத்தில் வந்துவிட்டால் 15 நிமிஷம் உட்காரலாம். 58-வது நிமிஷத்தில் வந்தால் இரண்டே நிமிஷம். கிளம்ப மூன்று நிமிஷம் இருக்கும்போது மூன்று விசில், இரண்டுக்கு இரண்டு, ஒன்றுக்கு ஒன்று. மணி அடிக்கும்போது கோட்டுக்குள் இல்லையென்றால் அத்தோடு சரி. ஒரு வினாடி பிந்தினாலும் தயவு கிடையாது.

இத்தனை சுற்று என்று கணக்கு எதுவும் இல்லை. ஒருவர் மிஞ்சும் வரை ஓட்டம் நடக்கும். அந்த ஒருவரும் தனியாக இன்னொரு சுற்றை நேரத்துக்குள் முடித்தால்தான் வெற்றி. மற்ற எல்லாருக்கும், இரண்டாவதாக நின்றவர் உட்பட, ஏட்டில் 'முடிக்கவில்லை' என்றே எழுதுவார்கள்.

6.706 என்ற எண்ணைப் பார்த்து நானும் குழம்பினேன். 24 மணி நேரம் ஓடினால் சரியாக 100 மைல், அதாவது 161 கிலோமீட்டர் வரும்படி வகுத்திருக்கிறார்கள். இதை உருவாக்கியவர் அமெரிக்காவில் டென்னசி மாநிலத்துக்காரரான கேரி கான்ட்ரெல். ஓடுகிறவர்கள் அவரை லாசரஸ் லேக் என்ற பெயரில்தான் சொல்வார்கள். பெல் பக்கிள் என்ற ஊரில் தன் சொந்த நிலத்திலேயே இதை நடத்த ஆரம்பித்தார். கொல்லைப்புறத்தில் நடக்கும் ஓட்டம் என்பதால் பேக்யார்ட். 'பிக்' என்ற அவருடைய நாயின் பெயரும் பந்தயத்துக்கு ஒட்டிக்கொண்டது. காட்டுக்குள் நடக்கும் பார்க்லி மராத்தானை 1986-ல் தொடங்கியதும் இதே மனிதர்தான். அங்கே ஓட்டம் எப்போது தொடங்கும் என்று முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள், ஒரு மணி நேரம் முன்னால் சங்கு ஊதுவார்கள். 60 மணி நேரக் கெடு. 2024-ல் ஜாஸ்மின் பாரிஸ் கெடு முடிய 99 வினாடி இருக்கும்போது வந்து எல்லையான மஞ்சள் கேட்டைத் தொட்டார். அதை முடித்த முதல் பெண் அவர். தரையில் சாய்ந்து மூச்சு வாங்கும் அவருடைய படத்தை நான் எங்கள் வார்டில் எல்லாருக்கும் காட்டினேன்.

பேக்யார்டில் எனக்கு மிகவும் பிடித்தது, முந்துவதால் யாருக்கும் லாபமில்லை என்பதுதான். நாற்பது நிமிஷத்தில் வந்த இளவட்டமும் ஐம்பத்தேழு நிமிஷத்தில் வந்த அறுபது வயதுக்காரரும் அடுத்த மணிக்கு ஒரே கோட்டில் நிற்கிறார்கள். ஒவ்வொரு மணிக்கும் எல்லாக் கணக்கும் அழிந்து புதிதாகத் தொடங்குகிறது. 2019-ல் டென்னசியில் மேகி கட்டர்ல் 60 சுற்று ஓடி, ஆண் பெண் எல்லாரையும் தாண்டிக் கடைசியாக நின்றார். 2023-ல் அதே இடத்தில் 108 சுற்று ஓடிய ஹார்வி லூயிஸ் ஒரு பள்ளிக்கூட ஆசிரியர். 2025-ல் ஆஸ்திரேலியாவில் ஃபில் கோர் 119 சுற்று ஓடினார், ஏறக்குறைய ஐந்து நாள், 798 கிலோமீட்டர். ஆனால் அவர் 119 ஓட வேண்டுமென்றால் இன்னொருவர் 118 வரை கூடவே நின்றிருக்க வேண்டும். நியூசிலாந்துக்காரர் சாம் ஹார்வி நின்றார். போட்டியாளர் விட்டுவிட்டால் நம் ஓட்டமும் அடுத்த சுற்றோடு முடிந்துவிடும். எதிரி என்று நினைக்கிற ஆள்தான் நம்மை ஓட வைக்கிறார். அதனால்தான் நள்ளிரவில் ஒருவர் கோட்டுக்கு வரத் தாமதித்தால் மற்றவர்களே "வாங்க, வாங்க" என்று கூப்பிடுவார்கள். போன டிசம்பரில் அதை என் காதால் கேட்டேன்.

ஏன் ஓடுகிறார்கள் என்று கேட்டுக்கொண்டே போகாதீர்கள்

நானும் கேட்டவள்தான். குடும்பம் முழுக்கக் கேட்டது. எங்கள் அம்மா, "காசு குடுத்து யாராச்சும் காலைக் கெடுத்துக்குவாங்களா?" என்று இன்றைக்கும் கேட்கிறார்.

தம்பியின் வேலை உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். சரக்கு கப்பலேறும் தேதி ஒரு பக்கம், சாயப்பட்டறை ஒரு பக்கம், ராத்திரி பதினோரு மணிக்கு வெளிநாட்டுக்காரர் போன். ஒன்றை முடிப்பதற்குள் நாலு வந்து நிற்கும். முதல் பந்தயம் முடிந்து ஒரு வாரம் கழித்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சொன்னான்: "அங்க எனக்கு ஒரே வேலைதான்க்கா. அடுத்த மணிக்குள்ள திரும்பி வரணும். வந்துட்டா அந்த மணிக்கு நான் ஜெயிச்சுட்டேன். ஆபீஸ்ல என்னைக்காவது அப்படித் தோணுமா?"

எனக்கு அதன் பிறகு இன்னொன்றும் ஞாபகம் வந்தது. தைப்பூசத்துக்கு எங்கள் பக்கத்திலிருந்து தாராபுரம் சாலையில் பழனிக்கு நடந்து போவார்கள். எண்பது கிலோமீட்டர் அளவு வரும். பல வருஷம் அந்தச் சாலையோரப் பந்தலில் நீர்மோர் ஊற்றியிருக்கிறேன், கொப்புளத்துக்கு மருந்து போட்டிருக்கிறேன். பாதம் முழுக்க உரிந்துபோன ஒரு பெண்மணியைப் பஸ்ஸில் ஏற்றிவிடப் பார்த்தபோது, "இவ்வளவு தூரம் வந்தது பஸ் ஏறவா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனார். அவரிடம் ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவே இல்லை. தம்பியிடம் மட்டும் ஏன் திரும்பத் திரும்பக் கேட்டேன்? அவனுக்கு வேண்டுதல் எதுவும் இல்லை என்பதால் அவன் நடைக்கு மதிப்பில்லை என்று நினைத்துவிட்டேன். இப்போது அப்படி நினைப்பதில்லை.

துணைக்குப் போகிறவர் இந்தக் கேள்வியை ஊரிலேயே பேசித் தீர்த்துவிட்டு வர வேண்டும். மனதுக்குள் "இது எதுக்கு வீண் வேலை" என்று இருந்தால் ராத்திரி மூன்று மணிக்கு அது வாயில் வந்துவிடும்.

எட்டு நிமிஷம்

என் தம்பி ஒரு சுற்றை 51, 52 நிமிஷத்தில் முடிப்பான். எனக்குக் கிடைப்பது எட்டு நிமிஷம். வார்டில் ஷிஃப்ட் மாறும்போது ஹேண்ட் ஓவர் கொடுக்கிற மாதிரி இதைப் பழகிக்கொண்டேன்.

அவன் வருவதற்குப் பத்து நிமிஷம் முன்பே எல்லாம் எடுத்து வைத்துவிடுவேன். நாற்காலிக்கு வலது பக்கம் சாப்பாடு, இடது பக்கம் தண்ணீர், காலடியில் துண்டு. வந்து உட்கார்ந்ததும் முதல் நிமிஷம் எதுவும் கேட்க மாட்டேன், முகத்தை மட்டும் பார்ப்பேன். கண் நிலையாக இருக்கிறதா, உதடு காய்ந்திருக்கிறதா, உட்காரும்போது எந்தக் காலைப் பார்த்து உட்கார்ந்தான். இதற்குள் கையில் கிண்ணம் போய்விடும். இரண்டாம் நிமிஷத்திலிருந்து ஐந்து வரை சாப்பாடு. கால் பார்க்க வேண்டியிருந்தால் அதே நேரத்தில் நான் கீழே உட்கார்ந்து ஷூவைக் கழற்றுவேன். ஐந்தாம் நிமிஷம் மூன்று விசில். அப்போது வாயில் இருப்பதை விழுங்கச் சொல்லி, ஷூ கட்டி, தலைவிளக்கு மாட்டிவிடுவேன். இரண்டு விசிலுக்கு எழுந்து நிற்க வேண்டும். நாற்காலியிலிருந்து எழுவதுதான் பந்தயத்திலேயே கஷ்டமான இடம். அதைக் கடைசி விசிலுக்கு விட்டுவைத்தால் மணி அடித்துவிடும்.

கூடாரத்தைக் கோட்டுக்கு எவ்வளவு பக்கத்தில் போட முடியுமோ அவ்வளவு பக்கத்தில் போடுங்கள். இதற்காக முந்தின நாள் மதியமே போய்ச் சேர்வது நல்லது. தூரத்துக் கூடாரத்துக்குப் போகவர ஒரு நிமிஷம் ஆனால், 24 சுற்றில் 24 நிமிஷம் போகிறது.

நோட்டு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரியில் இன்டேக் அவுட்புட் சார்ட் எழுதுவோமே, அதே மாதிரி. எத்தனையாவது சுற்று, வந்த நேரம், என்ன சாப்பிட்டார், எவ்வளவு குடித்தார், சிறுநீர் போனாரா, என்ன நிறம், காலில் என்ன. 15 சுற்றுக்கு மேல் அவருக்கும் ஞாபகம் இருக்காது, உங்களுக்கும் இருக்காது. போன தடவை 20-வது சுற்றில் "இப்பதானே சாப்பிட்டேன்" என்றான். நோட்டைப் பார்த்தால் மூன்று சுற்றாக நாலு வாய் கூடப் போகவில்லை.

ஒரு விதியை மறக்காதீர்கள். உதவி எல்லாம் சுற்றுக்கும் சுற்றுக்கும் நடுவில்தான். பாதையில் கூடப் போய்த் தண்ணீர் கொடுக்கக்கூடாது, பக்கத்தில் நடக்கக்கூடாது. பாசத்தில் நாலடி கூடப் போனாலும் அவருடைய ஓட்டத்துக்குத்தான் ஆபத்து.

சாப்பாடு, தண்ணீர்

பொதுவாக மணிக்கு 40 முதல் 60 கிராம் மாவுச்சத்து போக வேண்டும் என்று கணக்கு. நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் ஏறக்குறைய 25 கிராம், நூறு கிராம் சோற்றில் 28 கிராம் இருக்கும். அதனால் ஒவ்வொரு சுற்றுக்கும் சின்னக் கிண்ணம் ஒன்று, கூட ஒரு இனிப்பு என்று வைத்துக்கொண்டேன். ஓடுகிறவர்களுக்கென்று கடையில் விற்கும் எனர்ஜி ஜெல் பத்துச் சுற்று வரைக்கும் இறங்கும். அப்புறம் அதன் வாசனையே குமட்டும். எங்களுக்குக் கை கொடுத்தது குழைய வடித்த தயிர்சாதம். உப்புத் தூக்கலாக, கொஞ்சம் பால் விட்டு, ஸ்பூனில் எடுத்தால் வழிகிற பதத்தில். மெல்லவே தேவையில்லை. உப்பு தூவிய வேகவைத்த உருளைக்கிழங்கு, கடலை மிட்டாய், கமர்கட்டு, பானகம். ராத்திரிக்கு ஃபிளாஸ்கில் ரசம். சூடான ரசம் தொண்டையில் இறங்கும்போது அவன் தோள் கீழே இறங்குவதை நானே பார்த்திருக்கிறேன்.

காரம், எண்ணெய், நார்ச்சத்து மூன்றும் வேண்டாம். சுண்டல் கொண்டுபோன வருஷம் மூன்று சுற்று கழிப்பறைக்கே நேரம் போனது. எதைக் கொடுப்பதாக இருந்தாலும் பயிற்சி ஓட்டத்தில் ஒரு தடவை கொடுத்துப் பார்த்துவிடுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் நிறையப் பேர் தப்புச் செய்கிறார்கள். "குடி, குடி" என்று வெறும் தண்ணீரையே ஊற்றுகிறார்கள். வியர்வையில் உப்பு போய்க்கொண்டிருக்கும்போது வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும். கை விரல் வீங்கும், வாட்ச் பட்டை இறுகும், தலைவலி, வாந்தி, பேச்சுக் குழறல், முற்றினால் வலிப்பு வரை போகும். உயிருக்கே ஆபத்து. தாகத்துக்குக் குடிக்கட்டும். ஓ.ஆர்.எஸ். பெரிய பாக்கெட் ஒன்றுக்குச் சரியாக ஒரு லிட்டர் தண்ணீர். பாதி பாக்கெட், அரை டம்ளர் என்று கண்ணளவில் கலக்காதீர்கள். இளநீரில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. ஆகவே இளநீர் மட்டுமே போதும் என்று இருந்துவிடக்கூடாது.

வலி மாத்திரை பற்றி ஒரு நர்ஸாகக் கண்டிப்பாகச் சொல்கிறேன். இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகளை ஓட்டத்தின் நடுவில் கொடுக்காதீர்கள். உடம்பில் நீர் வற்றி, தசை சிதைந்துகொண்டிருக்கும் நேரத்தில் அவை சிறுநீரகத்தைப் பாதிக்கும். பக்கத்துக் கூடாரத்திலிருந்து யாராவது அன்பாக நீட்டுவார்கள். வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், கொடுக்க வேண்டாம்.

கால்

பத்துச் சுற்றுக்கு ஒரு தடவையாவது ஷூவையும் சாக்ஸையும் கழற்றிப் பாருங்கள். "ஒன்னுமில்ல" என்று சொன்னால் நம்பாதீர்கள். நேரத்தை இழக்கப் பயந்து சொல்வது அது.

போன தடவை 21-வது சுற்றுக்கு முன்னால், ராத்திரி இரண்டு மணி நெருங்குகிறது. அவன் பாதத்தை மடியில் வைத்துத் தலைவிளக்கை அடித்துப் பார்த்தேன். நாள் முழுக்கத் துணி துவைத்தவள் கை மாதிரி வெளுத்துச் சுருங்கியிருந்தது. இடது குதிகால் ஓரத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குக் கொப்புளம், உள்ளே நீர் தெளிவாக இருந்தது. ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, புது ஊசியை ஓரத்தில் படுக்கையாக விட்டு இரண்டு இடத்தில் குத்தினேன். பஞ்சை வைத்து அழுத்தியதும் நீர் வழிந்து தோல் தட்டையானது. அந்தத் தோலைப் பிய்க்கக்கூடாது, அதுதான் காயத்துக்கு மூடி. துடைத்து, விசிறி, ஈரம் இல்லையென்று விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு பிளாஸ்டர் ஒட்டினேன். பிளாஸ்டரின் நாலு மூலையையும் கத்தரிக்கோலால் வளைவாக வெட்டிவிடுங்கள். மூலை கூராக இருந்தால் சாக்ஸில் மாட்டி உரிந்து வரும். விரல் இடுக்கில் வேசலின், உலர்ந்த சாக்ஸ். மொத்தம் நாலு நிமிஷம். அது வரைக்கும் அவன் ஒரு கிண்ணம் தயிர்சாதத்தை முடித்திருந்தான். கொப்புளத்துக்குள் ரத்தமோ சீழோ இருந்தால் குத்தாதீர்கள். சர்க்கரை நோய் உள்ளவர் என்றால் நீங்களாக ஊசி எடுக்கவே வேண்டாம், அங்கிருக்கும் டாக்டரிடம் காட்டுங்கள்.

அரை அளவு பெரிய ஷூ ஒரு ஜோடி கண்டிப்பாக இருக்க வேண்டும். ராத்திரிக்குள் பாதம் வீங்கிவிடும். அக்குள், தொடை இடுக்கு, முலைக்காம்பு இங்கெல்லாம் உரசிப் புண்ணாகும். வெட்கப்படாமல் கேட்டு முன்கூட்டியே வேசலின் தடவச் சொல்லுங்கள்.

ராத்திரி இரண்டிலிருந்து ஐந்து

நைட் டியூட்டி பார்த்தவர்களுக்கு இந்த நேரம் தெரியும். உடம்புச் சூடு தானாகவே இறங்கும், கை நடுங்கும், எல்லாம் வீண் என்று தோன்றும். ஆஸ்பத்திரியில் மருந்தை இரண்டு தடவை சரிபார்க்கிற நேரம் இது. போன பந்தயம் நடந்தது பெங்களூருக்கு வெளியே. அங்கே டிசம்பரில், வியர்வை நனைத்த பனியனோடு நாற்காலியில் உட்கார்ந்தால் இரண்டு நிமிஷத்தில் பல் கிட்டும். வந்ததும் ஈரச் சட்டையை உருவி உலர்ந்ததைப் போட்டு, தோளில் போர்வை போடுங்கள். போர்வையைக் கடைசி விசிலுக்குத்தான் எடுக்க வேண்டும்.

தூக்கம் தாங்கவில்லை என்றால் மூன்று நிமிஷம் கண்ணை மூட விடலாம். நாற்காலியில் சாய்ந்தபடியே, முகத்தில் துண்டு போட்டு. நீங்கள் கடிகாரத்தை மட்டும் பாருங்கள். கூட நீங்களும் கண் மூடினால் முடிந்தது கதை. 24 மணி நேரத்துக்கு மேல் போகும் என்று தெரிந்தால் இரண்டு பேராகப் போங்கள். கல்லூரியில் படிக்கும் என் மகளை இரண்டாவது தடவையிலிருந்து கூட்டிப்போகிறேன். மாமாவுக்கு விசில் சொல்வது, ஃபிளாஸ்கில் வெந்நீர் நிரப்புவது அவள் பொறுப்பு. நான் ஒரு மணி நேரம் காரில் போய்ப் படுப்பேன்.

அந்த நேரத்தில் இல்லாததெல்லாம் தெரியும். 23-வது சுற்றிலிருந்து வந்து, "பாதை ஓரமா துணி மூட்டை அடுக்கி வச்சிருக்காங்கக்கா, இன்னும் பில் போடலை" என்றான். எனக்குப் பகீர் என்றது. வார்டில் செய்வதைத்தான் செய்தேன். மறுக்கவில்லை, சிரிக்கவில்லை. "சரி கண்ணு, இது எத்தனையாவது சுத்து?" என்றேன். "இருபத்தி மூணு." "இன்னைக்கு என்ன கிழமை?" கொஞ்சம் யோசித்து, "ஞாயித்துக்கிழமை ஆயிருச்சுல்ல" என்றான். பேர், கிழமை, சுற்று மூன்றும் சரி, நடை தள்ளாடவில்லை. சுக்கு காபி கொடுத்து அனுப்பினேன். விடிந்து வெளிச்சம் வந்ததும் மூட்டை எல்லாம் போய்விட்டது. காலை ஆறு மணிக்கு, 24 சுற்று முடித்தவர்கள் கிழக்கே பார்த்து நின்றதை நீங்கள் ஒரு தடவை பார்க்க வேண்டும். கோட்டில் நிற்கும்போதே முகம் மாறுகிறது. ராத்திரி முழுக்கப் பேசாதவர் பக்கத்து ஆளிடம் குட்மார்னிங் சொல்கிறார்.

என்ன பேசுவது

இப்போது அந்த வார்த்தை. முதல் தடவை, 17-வது சுற்று முடித்து ராத்திரி 10.53-க்கு வந்து உட்கார்ந்தான். முழங்காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தான். எனக்குத் தாங்கவில்லை. அவன் தலையைத் தடவி, "போதும் கண்ணு. முடியலைன்னா விட்டுடு. யாரு உன்னைக் கேக்கப் போறாங்க?" என்றேன்.

ஒன்றும் சொல்லாமல் என்னைப் பார்த்தான். அப்புறம் குனிந்து அவனே ஷூ நாடாவை அவிழ்த்தான். விசில் மூன்றும் ஊதிப் போயின. மணி அடித்தது. மற்றவர்கள் இருட்டுக்குள் போவதை உட்கார்ந்து பார்த்தான். பதினொன்றரைக்கு இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு எழுந்து, நொண்டாமல், சாதாரணமாக நடந்தான். அவன் என்னைத் திட்டவில்லை. ஆனால் ஊர் திரும்பும் வழியெல்லாம் கார் ஜன்னலைப் பார்த்தபடியே வந்தான். அவனுக்குத் தேவைப்பட்டது ஒரு கிண்ணம் சோறும் ஒரு ஸ்வெட்டரும்தான். நான் அனுமதியைக் கொடுத்துவிட்டேன்.

ஆகவே "முடியுமா?", "எப்படி இருக்கு?", "போறியா?" இந்த மூன்றையும் கேட்காதீர்கள். அந்த நிலையில் எல்லாவற்றுக்கும் பதில் "முடியல"தான். பதிலாக அடுத்த வேலையைச் சொல்லுங்கள். "இதை முழுங்கு." "வலது கையை நீட்டு." "எந்திரி, விசில் வந்துருச்சு." வேணுமா வேண்டாமா என்று கேட்பதற்குப் பதில், "ரசமா, காபியா?" என்று இரண்டில் ஒன்றைக் கேளுங்கள். எத்தனை பேர் மிச்சம், பக்கத்துக் கூடாரத்தில் யார் விட்டுவிட்டார்கள் என்ற செய்தியெல்லாம் அவர் கேட்டால் மட்டும். விட்டுவிடுகிறேன் என்று அவரே சொன்னால், "சரி, இந்தச் சுத்து போயிட்டு வந்து சொல்லு" என்று அனுப்புங்கள். அடுத்த சுற்றில் வந்து பெரும்பாலும் அதைப் பற்றிப் பேசவே மாட்டார்கள். இதைப் பந்தயத்துக்கு முன்னாலேயே அவரிடம் பேசி ஒப்புக்கொள்ள வைக்க வேண்டும். இரண்டாவது தடவை கிளம்பும் முன் நானும் தம்பியும் சமையலறையில் நின்று பேசினோம். "நான் அழுதாலும் அனுப்பு. ஆனா நீ நர்ஸா பாத்து நிறுத்தினா நான் நிப்பேன்" என்றான்.

நிறுத்த வேண்டியது எப்போது

தம்பி சொன்னதில் அந்த இரண்டாவது பாதி முக்கியம். சோர்வு, வலி, அழுகை இவற்றுக்கெல்லாம் நிறுத்த வேண்டாம். கீழே சொல்வதற்கு உடனே நிறுத்தி டாக்டரைக் கூப்பிட வேண்டும், அடுத்த சுற்று என்ற பேச்சே கூடாது. சிறுநீர் கோலா நிறத்தில் வந்தால், அல்லது பல மணி நேரமாக வரவே இல்லையென்றால். பேர், கிழமை சொல்லத் தடுமாறினால். நேராக நடக்க முடியாமல் ஒரு பக்கம் சாய்ந்தால். வாந்தி நிற்காமல், தண்ணீர்கூடத் தங்கவில்லையென்றால். நெஞ்சு வலி, மயக்கம். வெயிலில் ஓடியவர் உடம்பு கொதித்து, பேச்சு மாறினால் டாக்டர் வரும்வரை காத்திருக்காமல் ஐஸும் ஈரத்துணியும் போட்டுக் குளிர வையுங்கள். ஒரே இடத்து எலும்பில் கூர்மையாக, கால் ஊன்றும்போதெல்லாம் வலித்தால் அதுவும் நிறுத்த வேண்டிய வலிதான்.

போன டிசம்பரில் அப்படி எதுவும் இல்லை. 29 முடித்துப் பத்து ஐம்பத்தெட்டுக்கு வந்தான். சாப்பிட நேரமில்லை, நின்றபடியே பானகம் குடித்துவிட்டு 30-க்குப் போனான். பன்னிரண்டு மணி அடித்தது. நாற்பது வினாடி கழித்து வளைவில் தெரிந்தான். நேரம் போய்விட்டதென்று அவனுக்குத் தெரியும், இருந்தும் நடக்காமல் ஓடியே வந்து கோட்டைத் தொட்டான். மற்றவர்கள் ஏற்கெனவே அடுத்த சுற்றில் இருந்தார்கள்.

முடிந்த பிறகு

நின்றதும் அப்படியே விழ விடாதீர்கள். இரண்டு மூன்று நிமிஷம் மெதுவாக நடக்க வைத்து, அப்புறம் உட்கார வைத்து, காலை இன்னொரு நாற்காலியில் தூக்கி வையுங்கள். உடனே நடுக்கம் வரும், போர்வை தயாராக இருக்கட்டும். ரசம் சாதம் கொஞ்சம் கொஞ்சமாக. அடுத்த இரண்டு நாள் சிறுநீர் நிறத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். கால் நகம் கறுத்திருந்தால் தானாக விழும், பிடுங்க வேண்டாம்.

தூங்கச் சொன்னால் உடனே தூங்க மாட்டார்கள். என் தம்பி நாற்காலியைக் கோட்டின் பக்கம் திருப்பிப் போடச் சொன்னான். மிச்சமிருந்தவர்கள் வந்து போவதை இரண்டு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு விசிலுக்கும் அவன் கால் அசைந்தது. ஒருவருடைய க்ரூ சாப்பாடு எடுக்கப் போயிருந்தபோது, "அக்கா, அவருக்கு நம்ம தயிர்சாதம் குடு" என்றான். கொடுத்தேன். அந்த ஆள் நாலே வாயில் முடித்துவிட்டு, கிண்ணத்தைத் திருப்பித் தந்து, கோட்டுக்குப் போனார்.

ஊருக்குத் திரும்பும்போது ஓடியவரை வண்டி ஓட்ட விடாதீர்கள், எவ்வளவு தெளிவாகப் பேசினாலும். நீங்களும் ராத்திரி முழுக்க விழித்தவர், நீங்களும் ஓட்ட வேண்டாம். டிரைவர் ஒருவரை முன்கூட்டியே பேசி வையுங்கள். பின் சீட்டில் ஒரு தலையணை, கைக்கெட்டும் தூரத்தில் ஒரு காலி பிளாஸ்டிக் கவர், ஒரு பாட்டில் ஓ.ஆர்.எஸ். வழியில் இரண்டு இடத்தில் நிறுத்தி அவரை இறங்கி நடக்க வைக்க வேண்டும், இல்லையென்றால் வீட்டு வாசலில் காரிலிருந்து இறங்கவே முடியாது.